நூற்றெண்பதாம் பக்கத்துக்குப் பிறகு

ஜனவரி 12

அன்புள்ள அம்மாவுக்கும், இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டும் அத்தைக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா, அத்தையின் இருமல் நின்றதா என்று தெரிவிக்கவும்.

போன வாரம் நடிகர் தேர்வு ஒன்றுக்குப் போனேன். நீளமான அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் “அழு” என்றார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. விளக்கு அணைந்த வீட்டின் ஜன்னலைப் பார்ப்பதுபோல அவர்கள் என் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “போகலாம்” என்றார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் வந்தது, யாருக்கும் பயன்படாத கண்ணீர்.

புகழ் என்பது பெரிய மாளிகை, அம்மா. எல்லா ஜன்னல்களிலும் வெளிச்சம் தெரிகிறது. கதவு எங்கே என்றுதான் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகன்


ஜனவரி 25

மருமகனுக்கு,

இங்கே உன் அம்மாவும் நானும் இருக்கிறபடி இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான். என் இருமலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பழைய பேப்பர் கிடங்கில் வேலை செய்கிறவளுக்கு இருமல் கூடப்பிறந்தது.

உன் கடிதத்தைப் படித்தேன். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ படி” என்றார். படித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. சந்தேகம் வந்தது.

எட்டாம் வகுப்பில் நீ எழுதிய விடுப்புக் கடிதத்தை நான்தான் மூன்று தடவை திருத்திக் கொடுத்தேன். ‘காய்ச்சல்’ என்ற சொல்லில் கால் போட மறந்தவன் நீ. இப்போது மாளிகை, ஜன்னல், வெளிச்சம் என்று எழுதுகிறாய். உன் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கும் என்னைக் கிடங்குக்கும் அனுப்பினார்கள். வெள்ளைத் தாள், பழுப்புத் தாள், வண்ணத் தாள் என்று பிரித்துப் போட்டுக்கொண்டே, அதில் இருந்த எழுத்துகளையும் நானாகப் படித்துக்கொண்டேன். ஒரு தாளைத் தொட்டால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். உன் கடிதம் எங்கிருந்தோ வந்த தாள் போல இருக்கிறது.

கேட்கிற கேள்விக்குப் பதில் எழுது. உன் அறை ஜன்னல் எதைப் பார்த்து இருக்கிறது? சாப்பாடு எங்கே? கூட இருப்பது யார்?

நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கியவன் நீ. அம்மாவிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அத்தை


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கும் அத்தைக்கும்,

சுகம். உங்கள் சுகத்தை எழுதவும். ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. கூட இருப்பவர் நல்லவர்.

ஒரு நாடகத்தில் காவலாளி வேடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒப்பனைக்காரர் கிழவர். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “இந்த முகத்துல எதப் போட்டாலும் நிக்கும்பா. ஏன்னா இதுல ஒண்ணுமே இல்ல” என்றார். கண்ணாடியில் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. பிறகு மீசை ஒட்டினார். அந்த மீசைக்குப் பின்னால் முதல் தடவையாக நான் ஒருவன் இருப்பதை உணர்ந்தேன். மேடை ஏறும் நேரத்தில் காவலாளி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மீசையைப் பிய்த்தபோது வலித்தது தோல் அல்ல.

கதவு கிடைக்கும், அம்மா. நம்பிக்கையோடு இருங்கள்.

உங்கள் மகன்


மார்ச் 8

மருமகனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உட்கார்ந்து பார்த்தெழுதுகிறவனுக்கு உடம்பு நோக வழியில்லை.

நேற்று கிடங்குக்கு ஒரு வாசகசாலையின் பழைய புத்தகங்கள் சாக்கில் வந்தன. மூடிவிட்டார்களாம். பழுப்புத் தாள் குவியலில் போடுவதற்காக ஒன்றை எடுத்தேன். அட்டை இல்லை, முதல் தாள்கள் இல்லை, கடைசிப் பகுதியைக் கரையான் தின்றிருந்தது. பாதியில் விரித்தேன். ஒரு கிழட்டு ஒப்பனைக்காரன் ஒருவனுடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்புகிறான்.

மேற்பார்வையாளர், “என்னக்கா, குவியலப் பிரிக்காம கதை படிச்சிட்டிருக்கீங்க?” என்றார். “எங்க வீட்டுக் கதைதான், தம்பி. பிரிக்க வேண்டியதத்தான் பிரிச்சிட்டிருக்கேன்” என்றேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முழுதும் படித்தேன். நடிகனாகிப் புகழ் வாங்க வேண்டும் என்று ஊரை விட்டுப் போன ஒருத்தனுடைய கதை. நாற்பத்தேழாம் பக்கத்தில் “அழு” என்கிறார்கள். ஐம்பத்தொன்றில் மாளிகையும் ஜன்னலும். எழுபத்தாறில் மீசை. ‘வலித்தது தோல் அல்ல’ என்பதுகூட அவனுடையதுதான். தாளின் நிறத்தைப் பார்த்தால் உன் அப்பாவின் கல்யாணத்துக்கும் முன்னால் அச்சானது. நீ பிறப்பதற்கு முன்பே உன் கஷ்டத்தை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், பார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நீ கெட்டிக்காரன்தான், மாதக்கணக்கில் ஓட்டிவிட்டாய். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. பதில் எழுது.

உன் அத்தை


மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு மட்டும்,

நலம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

நடிக்க வந்தவன் கஷ்டமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், அத்தை. எல்லாரையும் அழச் சொல்வார்கள். எல்லாருக்கும் மீசை ஒட்டுவார்கள். அந்தப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எழுதியதெல்லாம் எனக்கும் நடந்ததுதான். வார்த்தையில் கொஞ்சம் ஒற்றுமை இருக்கலாம்.

பழுப்புத் தாள் குவியலில் ஆயிரம் புத்தகம் வரும். இதை மட்டும் எப்படி எடுத்தீர்கள்? என் கூட வேலை பார்ப்பவர்கள் யாரையாவது கேட்டு விசாரித்தீர்களா? என்னை வேவு பார்க்கிறீர்களா?

அம்மாவிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

மருமகன்


மார்ச் 30

மருமகனுக்கு,

அண்ணிக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. இப்போது எழுந்து நடமாடுகிறார்.

வேவு பார்க்க எனக்கு வண்டிச் செலவும் இல்லை, வயதும் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் என்று எழுதியிருக்கிறாய். என்ன வேலை? இதுவரை எந்தக் கடிதத்திலும் வேலை என்று ஒன்று இல்லையே. நான் கேட்காத கேள்விக்கு நீயே பதில் சொல்லிவிட்டாய்.

‘எனக்கும் நடந்தது’ என்கிறாய். நடந்தது என்றால் அந்தக் கிழவனுக்கு எந்தக் கையில் நடுக்கம், சொல். கை நடுங்கும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது, எந்தக் கை என்று இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே நீயாகத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. என்னிடம் இருக்கிற புத்தகம் நூற்றெண்பதாம் பக்கத்தோடு முடிகிறது. அவன் ஒரு பெரிய கதவுக்கு முன்னால், தன் பெயர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அதற்குப் பிறகு கரையான்தான். நூற்றெண்பதுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ எடுத்து எழுதினால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. அதை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஆகையால் இப்படி வைத்துக்கொள்வோம். உன்னுடையதாக ஏதாவது இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதவே எழுதாதே. இன்னும் ஒரு வரி பொய் வந்தால், எல்லாவற்றையும் அண்ணியிடம் சொல்லிவிட்டு, உன் கடிதங்களைக் கிடங்கில் வெள்ளைத் தாள் பக்கம் போட்டுவிடுவேன். இந்த வீட்டில் பிறகு உன் கடிதம் எதையும் யாரும் படிக்கமாட்டார்கள்.

உன் அத்தை


ஜூலை 2

மருமகனுக்கு,

ஏப்ரலில் எழுதினேன், மே கடைசியில் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. எழுதாதே என்று நான் சொன்னது உண்மைதான். எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எதைக் கேட்டாய், இதை மட்டும் கேட்பதற்கு?

அண்ணி சாயங்காலமானால் வாசலில் போய் நிற்கிறார். தபால்காரர் தெருமுனையிலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். ஏப்ரலில் ஒரு நாள், முழங்கால் வலியோடு எதற்கு இந்த நிற்பு என்று சத்தம் போட்டேன். “நீ படிச்சவ. ஒனக்கு நேரம் போகும். எனக்கு?” என்றார். என்னைப் படித்தவள் என்று இந்த வீட்டில் சொன்ன முதல் ஆள் அவர்தான், அதுவும் கோபத்தில்.

மறுநாள் உன்னிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றேன். புத்தகத்தின் அறுபத்து மூன்றாம் பக்கத்தைக் கிழித்து, மடித்து, உன் பழைய உறையில் வைத்துக்கொண்டு படித்தேன். வாழ்நாளில் பொய்க்குத் துணை போகாதவளை நீ இந்த நிலைக்குக் கொண்டுவந்தாய். அதில் அவன் தன் அண்ணனை நினைத்து உருகுகிற இடம் ஒன்று வருகிறது. அண்ணன் என்று வந்த இடத்தில் எல்லாம் அத்தை என்று போட்டுப் படித்தேன். அண்ணி நிறுத்தச் சொன்னார். “ஒன்ன நெனச்சு அவன் உருகுறானா? காய்ச்சல் கீய்ச்சல் இருக்கான்னு கேட்டு எழுது” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

பிறகு வாரம் ஒரு பகுதியாகப் படித்தாயிற்று. இப்போது அவன் கதவு வாசலில் சீட்டோடு நிற்கிறான். “அடுத்து என்னவாம்?” என்று தினமும் கேட்கிறார். என்னிடம் பக்கம் தீர்ந்துவிட்டது.

எனக்காக இல்லை. அவருக்காக எழுது.

உன் அத்தை


ஜூலை 28

அன்புள்ள அத்தைக்கு,

நலம் என்று எழுதி வழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. இப்போது பரவாயில்லை, போன மாதம் நன்றாக இல்லை.

நான் என் அறை இருக்கிற தெருவிலேயே ஒரு பொம்மைக் கடை வாசலில் கரடியாக இருக்கிறேன். பஞ்சும் ரோமத்துணியும் வைத்துத் தைத்த உடை. தலை தனி. கரடியின் வாயில் வலை வைத்திருக்கிறது, அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். முதுகில் ஜிப், வேறொருவர்தான் திறந்து விட வேண்டும். கரடி பேசக்கூடாது, வேலை நேரத்தில் தலையைக் கழற்றக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கையை ஆட்டுவேன். வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்க முடியாது. அதுதான் பெரிய கஷ்டம், மற்றதெல்லாம் பழகிவிட்டது.

அந்தப் புத்தகத்தை இந்த அறையில் எனக்கு முன்னால் இருந்தவன் விட்டுவிட்டுப் போயிருந்தான். படித்தபோது யாரோ என் பின்னாலேயே நடந்து வந்து எழுதியதுபோல இருந்தது. என்னையும் அழச் சொன்னார்கள். எனக்கும் வரவில்லை. ஆனால் வெளியே வந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. அவ்வளவுதான். பசித்தது என்று எழுதினால் அம்மா எப்படித் தூங்குவார்? அவன் வார்த்தையில் எழுதியபோது என் கஷ்டம்கூடக் கௌரவமாகத் தெரிந்தது. ஒப்பனைக்காரர் மட்டும் எனக்கு நடக்கவில்லை. யாரும் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவில்லை. கிழவருக்கு எந்தக் கையில் நடுக்கம் என்று கேட்டீர்கள். தெரியாது.

நூற்றெண்பதுக்குப் பிறகு அவன் கதவுக்குள் போகிறான், அத்தை. பெரிய நடிகனாகிவிடுகிறான். அதை நான் எப்படிப் பார்த்தெழுதுவேன்? சுவரொட்டியை அனுப்பு என்பீர்கள். அதனால்தான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். உண்மையை எழுதலாம் என்றால் அதில் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை.

ஜூனில் வெயில் கடுமை. ஒரு நாள் கையை ஆட்டிக்கொண்டே மயங்கி விழுந்தேன். கரடி படுத்துத் தூங்குகிறது என்று குழந்தைகள் கைதட்டின. பெரியவர்களும் தட்டினார்கள். விற்பனைப் பெண் ஓடிவந்து தலையைக் கழற்றும் வரைக்கும் எனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. நடிக்க வந்து நான் வாங்கிய முதல் கைதட்டல் அதுதான்.

நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் என் புத்தகத்தில் நூற்றெண்பதுக்குப் பிறகு உள்ளதை எல்லாம் பிய்த்து இதோடு அனுப்புகிறேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதில் எங்கேயும் நான் இல்லை.

அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

மருமகன்


ஆகஸ்ட் 16

மருமகனுக்கு,

அண்ணி நலம். நான் கோபத்தில் இருக்கிறேன், அதனால் நலம்.

நீ அனுப்பிய பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். மாளிகை வருகிறது, மாலை வருகிறது, கார் வருகிறது. கரடி வரவில்லை. மயக்கம் ஒரு இடத்தில் வருகிறது, ஆனால் அவன் சோபாவில் மயங்குகிறான். ஆகவே நீ எழுதியது அதிலிருந்து எடுத்தது இல்லை. அதற்காக உண்மை என்று ஆகிவிடாது. உலகத்தில் வேறு புத்தகங்களும் இருக்கின்றன. பொய் சொல்கிறவனைக் கரடி விடுகிறான் என்று ஊரில் சொல்வார்கள். உள்ளேயே நுழைந்துகொண்டவனை என்னவென்று சொல்வது, எனக்குத் தெரியவில்லை.

அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், பசித்தது என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு. கேட்டு முடித்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கரடி பேசுமா?” என்றார்.

“பேசக்கூடாதாம், அண்ணி.”

“அப்ப எப்படி நடிக்கிறான்?”

“கையால.”

சமையலறையில் நின்றபடியே கையைத் தூக்கி மெதுவாக ஆட்டிப் பார்த்தார். “கஷ்டம்தான். தோள் வலிக்கும்” என்றார். பிறகு பழைய துண்டு ஒன்றைக் கிழித்துத் தைக்க உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டை, வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்க. கதை எங்கே விட்டது, கதவுக்குள் போனாயா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் வருகிறேன். எந்த நாள் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீ யாரிடமாவது கரடி உடையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்பாய். உன்னைச் சோதிக்கத்தான் வருகிறேன், வேறு எதற்கும் இல்லை. அன்றைக்கே திரும்ப வேண்டும், அண்ணி தனியாக இருப்பார். நான் வரும்போது தலையைக் கழற்றாதே. முதலாளி கூலியைப் பிடித்துவிடப் போகிறான்.

உன் அத்தை


செப்டம்பர் 4

அன்புள்ள அத்தைக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? அம்மா எப்படி இருக்கிறார்?

நீங்கள் செவ்வாய்க்கிழமை வந்தீர்கள். எதிர்ப்பக்கம் செருப்புத் தைப்பவரின் குடைக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றீர்கள். வலை வழியாகப் பார்த்தேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். நீங்கள் தெருவைக் கடந்து, நேராக மற்றக் கரடியிடம் போனீர்கள்.

நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் கடையில் கரடி இரண்டு. வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் நிற்பவர்தான் என் அறைக்காரர். என்னை ஜிப் போட்டு மூடுவதும் திறந்து விடுவதும் அவர்தான். ஓடிவரப் பார்த்தேன். சுற்றிலும் குழந்தைகள் காலைக் கட்டிக்கொண்டிருந்தன. கத்தவும் முடியாது. நீங்கள் அவர் முன்னால் விரலை நீட்டி நீட்டிப் பேசியதையும், பையை அவர் கையில் திணித்ததையும், போகும்போது அவர் ரோமத்தை ஒரு தடவை நீவி விட்டதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சாயங்காலம் தலையைக் கழற்றியபோது அவர் கண் சிவந்திருந்தது. “ஒங்க அத்தையா அது? என்னா திட்டு. எங்கம்மா போனதுக்கப்புறம் என்ன யாரும் இப்படித் திட்டினதில்லப்பா. நடுவுல, நான் அவன் இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்ல மனசு வரல” என்றார்.

நீங்கள் சொன்னதை எல்லாம் அவர் என்னிடம் சொன்னார். நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று நீங்கள் வேலைக்கே போகவில்லை என்று சொன்னீர்களாம். தெருமுனையில் கிடங்குச் சுவருக்குப் பின்னால் நின்று, நான் பெட்டியோடு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களாம். கூப்பிட நினைத்தும் வாய் வரவில்லையாம். அது நிஜமா, அத்தை?

நெற்றிப் பட்டை அளவு சரியாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள். கண்ணில் வியர்வை இறங்குவதில்லை.

மருமகன்


செப்டம்பர் 15

மருமகனுக்கு,

நானும் அண்ணியும் சுகம். வண்டியில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது, கால் கொஞ்சம் வீங்கியது, இறங்கிவிட்டது.

அது நீ இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். உயரம் போதாது. நீ நிற்கிறபோது இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அவனுக்கு அப்படி இல்லை. நீ இரண்டு கையையும் காற்றாடி மாதிரி சுற்றியதையும் பார்த்தேன். தெரிந்துதான் அவனிடம் போனேன். திட்டுவதற்கு எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவனுக்கும் அது வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அவன் சொன்னதை எல்லாம் நம்பாதே. அவ்வளவு பஞ்சுக்குள் காது சரியாகக் கேட்காது. நீ போன அன்று நான் கிடங்கில்தான் இருந்தேன்.

பையில் இருந்த பட்டைகளில் பாதியை அவனுக்கும் கொடு. அண்ணி இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வாரம் ஒரு கடிதம் வேண்டுமாம். அன்றைக்கு எத்தனை குழந்தை வந்தது, எது அழுதது, எது உன் மூக்கைப் பிடித்து இழுத்தது, அது போதும் என்கிறார். மாளிகை ஜன்னல் எல்லாம் வேண்டாமாம். எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் போன கடிதத்தில் நான்கு இருந்தன. திருத்தவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

புத்தகத்தின் இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் அண்ணி திருப்பித் தரமாட்டேன் என்கிறார், அத்தை வருகிற பக்கம் அது.

அடுத்த தடவை அண்ணியையும் கூட்டிக்கொண்டு வருவேன். எந்தப் பக்கம் நிற்பாய் என்று எழுது. எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை. இரண்டு கரடியையும் திட்டிவிட்டுத்தான் போவேன்.

உன் அத்தை